அகதியாகப் போன நாமும் அகதி வந்த ஊரும்

வவுனியா நகரிலிருந்து பஸ் ஏறினால் பூந்தோட்டம் சில நிமிடத் தூரம்தான். தேசிய கல்வியியற் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. 1990களில் வன்னியிலிருந்து இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் வருடக்கணக்காகத் தங்கிய நலன்புரி நிலையமும் அங்கேதான் இருந்தது. போர் முடிந்த கையோடு முன்னாள் போராளிகளுக்கான புனர்வாழ்வு நிலையம் அங்கே வந்தது. 2019 மே மாதம், நீர்கொழும்பில் வாடகை வீடுகளிலிருந்து துரத்தப்பட்ட பாகிஸ்தானிய, ஆப்கானிய அகதிகளில் ஒரு பகுதியினரையும் அதே பூந்தோட்டத்துக்குத்தான் கொண்டுவந்தார்கள். பெயரைக் கேட்டுப் பூக்களை எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாந்து போவார்கள். எங்கள் மாவட்டத்தில் அகதி என்ற சொல்லின் வரலாற்றைப் படிக்க விரும்புபவர்களுக்கு அந்த ஒரு அயல் போதும்.

அகதிகளுக்கும் அவர்கள் வந்து சேரும் ஊருக்கும் இடையில் நம்பிக்கை எப்படி உண்டாகிறது, எப்படி உடைகிறது, அதில் உளசமூக ஆதரவு என்று சொல்லப்படுவதற்கு என்ன பங்கு இருக்கிறது என்பதைப் பற்றியே எழுத நினைக்கிறேன். இதை எழுத எனக்கு இரண்டு தகுதிகள் உண்டு. ஒன்று, நான் ஆசிரியர். மற்றது, நானும் அகதிப் பிள்ளைதான். 1990இல் முல்லைத்தீவிலிருந்து விரட்டப்பட்ட குடும்பம் எங்களுடையது.

முதலில் 2019இல் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல் நடந்தபோது, ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர்ஸ்தானிகராலயத்தில் பதிவு செய்த அகதிகளும் புகலிடம் கோருவோருமாக ஏறக்குறைய 1,600 பேர் இந்நாட்டில் இருந்தார்கள். பெரும்பாலானோர் நீர்கொழும்புப் பக்கம் வாடகைக்கு இருந்தவர்கள். பாகிஸ்தானிலிருந்து தப்பி வந்த அஹ்மதிகளும் கிறிஸ்தவர்களும் அவர்களில் அதிகம். ஆப்கானியரும் இருந்தார்கள். தங்கள் நாட்டுத் தீவிரவாதிகளுக்குப் பயந்து ஓடி வந்தவர்களை இங்கே தீவிரவாதிகளாகப் பார்த்தார்கள். வீட்டுச் சொந்தக்காரர்கள் வெளியேறச் சொன்னார்கள். சிலரை ஊரவர்களே வந்து துரத்தினார்கள். நூற்றுக்கணக்கானோர் நீர்கொழும்பிலும் பஸ்யாலையிலும் இருந்த அஹ்மதிய்யா பள்ளிகளில் அடைந்து கிடந்தார்கள். இன்னும் சிலர் நீர்கொழும்பு பொலிஸ் நிலைய வளவுக்குள் படுத்துறங்கினார்கள். இலங்கை 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் ஒப்பமிட்ட நாடல்ல. அதனால் இவர்களுக்கு இங்கே தொழில் செய்யும் உரிமை இல்லை. அரசாங்கப் பாடசாலைக் கதவும் திறக்காது. மூன்றாவது நாடொன்று கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அவர்களை வவுனியாவுக்குக் கொண்டுவரப் போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் இங்கே எதிர்ப்புக் கிளம்பியது. ஆர்ப்பாட்டம் நடந்தது, அறிக்கைகள் வந்தன. "ஏன் எங்கள் தலையில் கட்டுகிறீர்கள்?" என்று கேட்டார்கள். அகதியின் வலி எங்களுக்குத் தெரியும், வரட்டும் என்று சொன்ன தமிழ்க் குரல்களும் இருந்தன என்பதை மறக்கக் கூடாது. ஆனால் முஸ்லிம்களாகிய நாம் அநேகமாக வாய் திறக்கவில்லை.

அந்த மௌனத்துக்கு இரண்டு காரணங்கள் இருந்தன. முதலாவது பயம். மே 13ஆம் திகதியை ஒட்டிக் குளியாப்பிட்டியிலும் மினுவாங்கொடையிலும் எமது கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்துகொண்டிருந்தன. எமது பெண்கள் பஸ்ஸில் ஏறவே தயங்கிய நாட்கள் அவை. அப்படியான நேரத்தில் யாரோ வெளிநாட்டவருக்காகப் பேச யாருக்குத் தைரியம் வரும்? இந்தக் காரணத்தை என்னால் விளங்கிக்கொள்ள முடிகிறது. இரண்டாவது காரணத்தைத் தணிந்த குரலில்தான் சொன்னார்கள். "அவங்க அஹ்மதிகளாமே." அகீதா வேறுபாடு பெரிதுதான், அதை நான் சின்னதாக்க வரவில்லை. ஆனால் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட ஒரு பிள்ளைக்குப் பால்மா வாங்கிக் கொடுக்க அகீதா விசாரணை எதற்கு? அந்த நாட்களில் என் தொலைபேசிக்கும் ஒரு குரல் பதிவு வந்தது. பூந்தோட்டத்துக்கு வருபவர்கள் அகதிகளே அல்ல, வேறு யாரோ என்று அதில் ஒருவர் பேசினார். நான் அதை யாருக்கும் அனுப்பவில்லை. ஆனால் பொய் என்று பதில் எழுதவும் இல்லை, அழித்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன். வந்தவர்கள் பூந்தோட்டத்தில் நிலைக்கவில்லை. இருந்த நாட்களில் வேலிக்கு இந்தப் பக்கம் இருந்த எம்மில் எத்தனை பேர் அவர்களின் முகத்தைப் பார்த்தோம்?

இனி விடயத்துக்கு வருவோம். உளசமூக ஆதரவு என்றதும் எமது மக்கள் நினைப்பது ஒரு அறை, ஒரு கதிரை, எதிரே கவுன்சிலிங் செய்பவர் என்றுதான். "நாங்க என்ன பைத்தியமா?" என்று கோபிப்பவர்களும் உண்டு. அனர்த்த காலங்களில் உளநல உதவி எப்படி இருக்க வேண்டும் என்று 2007இல் சர்வதேச நிறுவனங்கள் கூடி ஒரு வழிகாட்டி வெளியிட்டன. அதில் இந்த உதவியை நான்கு தட்டுள்ள கூம்பாக விளக்குகிறார்கள். அடித்தட்டில் இருப்பது பாதுகாப்பு, தண்ணீர், உணவு, தங்குமிடம். அதற்கு மேலே குடும்பமும் சமூகமும். பிரிந்தவர்களைச் சேர்த்து வைப்பது, தொழுகைக்கும் மரணச் சடங்குக்கும் இடம் செய்வது, பிள்ளைகளுக்குப் பாடசாலை, தாய்மார் கூடிப் பேச ஓரிடம் எல்லாம் இதற்குள் வரும். மூன்றாவது தட்டில் பயிற்சி பெற்ற சாதாரண ஆட்களின் உதவி. ஒரு ஆசிரியரோ குடும்ப நல உத்தியோகத்தரோ அங்கே வருவார்கள். உளநல வைத்தியர் நிற்பது கூம்பின் நுனியில். அவரிடம் போக வேண்டியவர்கள் கொஞ்சப் பேர்தான். மற்றவர்கள் கீழேயுள்ள தட்டுகள் ஒழுங்காக இருந்தாலே தேறிவிடுவார்கள். பூந்தோட்டத்தில் எதிர்ப்பு எழுந்தபோது ஆட்டம் கண்டவை கீழே இருந்த அந்த இரண்டு தட்டுகள்தான். சுற்றியிருக்கும் ஊர் தன்னை வெறுக்கிறது என்று தெரிந்த தாய்க்கு எந்த ஆற்றுப்படுத்துநர் தூக்கத்தைக் கொடுப்பார்?

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அகதிக்கு மட்டும்தான் மனக்காயம், ஊரவர் நல்ல நிலையில் இருப்பவர்கள் என்று நினைத்துத் திட்டம் போட்டால் வவுனியாவில் அது எடுபடாது. 2009இல் ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர் எங்கள் மாவட்டத்து முகாம்களுக்குள் வந்தார்கள். செட்டிகுளம் பக்கம் மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரியில் வவுனியா வீதியோரத்தில் கொட்டகை போட்டு உட்கார்ந்தார்கள். 2019இலும் அங்கேயே இருந்தார்கள். தங்கள் பிள்ளை எங்கே என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லாத ஊரில், வெளிநாட்டவருக்காக அதிகாரிகள் ஓடித் திரிவதைக் காணும் ஒருவருக்கு என்ன தோன்றும்? எரிச்சல் வருவது இயல்பு. அதை இனவாதம் என்று மட்டும் பெயரிட்டால் பாதி உண்மை தவறிவிடும். யாழ்ப்பாணத்து உளநல வைத்தியப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் கூட்டு மனவடு பற்றி நிறைய எழுதியிருக்கிறார். நீண்ட போர் தனி ஆளை மட்டுமல்ல, சமூகத்தையே காயப்படுத்துகிறது என்பது அவர் வாதம். அந்தக் காயம் சந்தேகமாகவும் மௌனமாகவும் ஒருவரையொருவர் நம்பாமையாகவும் வெளிப்படும். எனவே ஊரவரின் சந்தேகத்துக்கும் மருந்து தேவை. திட்டினால் அது தீராது.

புத்தளத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த விடயத்தை எங்கள் சமூகத்துக்கு விளக்க முடியாது. 1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஏறக்குறைய 75,000 பேர். யாழ்ப்பாணத்தவருக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரம். எனக்கு அப்போது பத்து வயது. டிரக்டரிலும் நடையிலுமாக வவுனியா வந்தோம், பிறகு லொறியில் புத்தளம் போனோம். அந்த முதல் வாரங்களை நினைத்தால் இன்றைக்கும் புத்தளத்து மக்களுக்கு துஆ கேட்கத்தான் தோன்றும். பள்ளிவாசல்களைத் திறந்தார்கள், பாடசாலைகளைத் திறந்தார்கள், தென்னந்தோட்டங்களில் கொட்டில் போட இடம் தந்தார்கள். சஹனில் சோறு வந்தது. எங்கள் உம்மாவுக்கு உடுப்புக் கொடுத்த பக்கத்து வீட்டு மாமி தன் பெட்டியிலிருந்து நல்ல உடுப்பைத்தான் எடுத்தார், பழசை அல்ல. அதை உம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

மாதங்கள் வருடங்களாகின. அவர்களும் முஸ்லிம்கள், நாங்களும் முஸ்லிம்கள். பேசுவதும் ஒரே மொழி. ஆனாலும் விரிசல் வந்தது. கற்பிட்டிப் பக்கம் வெங்காயத் தோட்டங்களில் எங்கள் ஆட்கள் குறைந்த கூலிக்கு இறங்கினார்கள், உள்ளூர்க் கூலியாளின் வயிற்றில் அடி விழுந்தது. பாடசாலை வாங்குகள் நிரம்பி வழிந்தன. நான் படித்தது பின்னேர வகுப்பில், காலையில் உள்ளூர்ப் பிள்ளைகள் இருந்த அதே வாங்கில். முகாமுக்கு உலருணவு நிவாரணம் வந்தது, வேலிக்கு அப்பால் அதே ஏழ்மையில் இருந்த ஊர்க் குடும்பத்துக்கு ஒன்றும் வரவில்லை. குழாய்க் கிணறு எங்களுக்கு, உப்புத் தண்ணீர் அவர்களுக்கு. மெல்ல மெல்ல "அகதி" என்பது எங்கள் பெயராகிவிட்டது. "அகதிப் பள்ளி", "அகதிப் பெடியன்", "அகதிக் கடை". சொல்பவர்களில் பலருக்கு அதில் கெட்ட எண்ணம் கிடையாது, அடையாளத்துக்குத்தான் சொன்னார்கள். கேட்கும் பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. எங்கள் பக்கமும் பிழை இருந்தது. யாழ்ப்பாணத்துப் படிப்பு, மன்னார்ப் பெருமை என்று கொஞ்சம் மிதப்பாக நடந்தவர்கள் எம்மிலும் உண்டு. தனிப் பள்ளி, தனிப் பாடசாலை என்று ஒதுங்கியும் கொண்டோம். நாளைக்கே ஊர் திரும்பிவிடுவோம் என்ற நினைப்பில் பக்கத்து வீட்டுடன் ஒட்டாமல் இருபது வருடம் போனது.

இதை ஆராய்ந்து எழுதியவர்களில் முக்கியமானவர் மறைந்த பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ். அவரே வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட சமூகத்தவர். மறக்கப்பட்ட மக்கள் என்றுதான் எங்களைப் பற்றி அவர் எழுதினார். உதவி நிறுவனங்கள் பிந்தித்தான் பாடம் படித்தன. 2007இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய புத்தளம் வீடமைப்புத் திட்டத்தில் குடிநீர் போன்ற விடயங்களில் ஊர்மக்களின் தேவையையும் சேர்த்துக்கொண்டார்கள். பங்களாதேஷில் கொக்ஸ் பஸார் முகாம்களிலும் இதே பாடம்தான். 2017 ஓகஸ்டுக்குப் பின் ஏழு இலட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்யாக்கள் வந்து இறங்கியபோது உகியா, டெக்னாப் பகுதிகளில் ஊரவர்கள் சிறுபான்மையாகிப் போனார்கள். கூலி குறைந்தது, காடு அழிந்தது, விலை ஏறியது. அதன் பின்னர் உதவித் திட்டங்களில் ஊர்மக்களுக்கும் ஒரு பங்கு ஒதுக்கத் தொடங்கினார்கள். கிணறு தோண்டினால் வேலிக்கு இரு பக்கமும் தண்ணீர் எடுக்கக்கூடிய இடத்தில் தோண்ட வேண்டும். இது பொறியியல் வேலை மாதிரித் தெரியும், ஆனால் உளசமூக வேலையும் இதுதான்.

சரி, இரு தரப்பையும் பக்கத்தில் இருத்தினால் போதுமா? போதாது. கோர்டன் ஓல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954இலேயே இதைச் சொல்லிவிட்டார். சந்திப்பு மட்டும் வெறுப்பைக் குறைக்காது. இரு தரப்பும் அந்த இடத்தில் சம நிலையில் இருக்க வேண்டும், பொதுவான ஒரு இலக்கு வேண்டும், அதை அடைய ஒருவர் மற்றவரில் தங்கியிருக்க வேண்டும், மேலே இருப்பவர்கள் அதை ஆதரிக்க வேண்டும். கொடுப்பவரும் வாங்குபவரும் வரிசையில் சந்திப்பது இந்தக் கணக்கில் சேராது. அங்கே ஒருவர் கை மேலே, மற்றவர் கை கீழே. அதைப் படம் பிடித்து முகநூலில் போட்டால் இன்னும் கேடு. எமது இளைஞர்கள் நல்ல மனதுடன்தான் இதைச் செய்கிறார்கள், ஆனால் படத்தில் இருக்கும் தாய்க்கு அந்த அரிசிப் பை எத்தனை பாரமாகும் என்று யோசிப்பதில்லை.

ஈராக்கில் சல்மா மூஸா என்ற ஆய்வாளர் செய்த ஒரு வேலையை எனக்குப் பிடிக்கும். 2020இல் வெளிவந்தது. ஐ.எஸ். இயக்கத்தால் விரட்டப்பட்ட கிறிஸ்தவ இளைஞர்களுக்குக் காற்பந்துச் சுற்றுப்போட்டி நடத்தினார்கள். சில அணிகளில் கிறிஸ்தவர்கள் மட்டும், சில அணிகளில் முஸ்லிம் விளையாட்டு வீரர்களையும் சேர்த்தார்கள். கலப்பு அணியில் ஆடியவர்கள் பிறகு முஸ்லிம் வீரருக்கு விருது கிடைக்க வாக்களித்தார்கள். ஆறு மாதம் கழிந்தும் அவர்களுடன் பயிற்சி செய்தார்கள். ஆனால் மைதானத்துக்கு வெளியே, மோசுல் நகரில் முஸ்லிம் உணவகத்துக்குப் போய்ச் சாப்பிடும் அளவுக்கு மாற்றம் வரவில்லை. தெரிந்தவர்மீது நம்பிக்கை வந்தது, தெரியாத கூட்டத்தின்மீது வரவில்லை. நல்லிணக்கக் கிரிக்கெட் மெட்ச் ஒன்று வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று பதாகை மடிக்கும் நிறுவனங்கள் இதை வாசிக்க வேண்டும்.

மதீனாவின் கதையை எமது மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அதில் நாம் கவனிக்காத ஒன்று உண்டு. நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அகதிகளை ஒரு முகாமில் வைத்து மதீனாவாசிகளிடம் நிதி சேர்க்கவில்லை. முஹாஜிர் ஒருவருக்கு அன்ஸாரி ஒருவர் என்று பெயர் சொல்லிச் சகோதரராக்கினார்கள். ஸஃது இப்னு ரபீஃ தன் சொத்தில் பாதியைத் தர முன்வந்தபோது அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் அதை வாங்கவில்லை, பரக்கத்துக்கு துஆச் செய்துவிட்டுச் சந்தைக்கு வழி கேட்டார். கொடுக்க முன்வந்த மனமும் பெரிது, வழி கேட்ட மானமும் பெரிது. நீர்கொழும்பு அகதிகளுக்குச் சந்தைக்குப் போகும் வழியை எமது சட்டமே அடைத்து வைத்திருக்கிறது.

2024 டிசம்பர் 19ஆம் திகதி முள்ளிவாய்க்கால் கடலில் ஒரு படகு தென்பட்டது. உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்யாக்கள், அவர்களில் சிறு பிள்ளைகளும் இருந்தார்கள். முதலில் கண்ட தமிழ் மீனவர்கள் தண்ணீரும் சாப்பாடும் கொண்டு போனார்கள். 2009இல் எந்தக் கரையில் தங்கள் உறவுகளைப் பறிகொடுத்தார்களோ அந்தக் கரையைச் சேர்ந்தவர்கள் அவர்கள். பிறகு கடற்படை படகைத் திருகோணமலைக்குக் கொண்டு போனது. அங்கிருந்து அகதிகளைத் திரும்ப முல்லைத்தீவுக்கே, கேப்பாபுலவு விமானப்படை முகாமுக்குக் கொண்டு வந்தார்கள். கேப்பாபுலவு என்றால் என்னவென்று வன்னியில் எல்லோருக்கும் தெரியும். தங்கள் காணியைப் படையினரிடமிருந்து மீட்க 2017இல் மக்கள் வீதியில் கிடந்து போராடிய ஊர். அந்த முகாமுக்குள் நாடற்றவர்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பாதே என்று முல்லைத்தீவிலும் யாழ்ப்பாணத்திலும் தமிழர்கள் வீதிக்கு இறங்கினார்கள்.

2019இல் பூந்தோட்டத்தில் எதிர்த்த வடக்கு 2024இல் ஏன் அணைத்தது? நான் இதை நிறைய யோசித்திருக்கிறேன். பூந்தோட்டத்துக்கு ஆட்களுக்கு முன்னே வதந்தி வந்தது. முள்ளிவாய்க்காலுக்கு முதலில் வந்தவர்கள் ஆட்கள். காய்ந்த உதட்டையும் அழும் பிள்ளையையும் கண்ணால் கண்டவருக்கு வட்ஸ்அப் குரல் பதிவு தேவைப்படாது. கடலில் தத்தளிப்பவரைக் கைவிடாதது மீனவரின் வழக்கமும்கூட. 2019இல் நாடே குண்டுவெடிப்பின் பயத்தில் இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ரோஹிங்யாக்கள் முள்ளிவாய்க்காலில் வாழவில்லை. கூலிக்குப் போட்டி போடவில்லை, காணி கேட்கவில்லை. புத்தளத்தின் முதல் வாரங்களும் அப்படித்தான் இனித்தன. எங்கள் முல்லைத்தீவு முஸ்லிம்கள் ஊர் திரும்பி முள்ளியவளைப் பக்கம் காணி கேட்டபோது என்ன நடந்தது என்பதும் எமக்கு ஞாபகம் இருக்கிறது. எதிர்த்து ஆர்ப்பாட்டம் செய்தார்கள். இரக்கம் வேறு, பக்கத்து வீட்டில் வைத்துக்கொள்ளும் நம்பிக்கை வேறு.

எனவே வதந்தியை முந்திக்கொள்வதுதான் முதல் வேலை. யார் வருகிறார்கள், எத்தனை பேர், எத்தனை நாள், செலவு யாருடையது என்பதை ஆட்கள் வருமுன் ஊருக்குச் சொல்ல வேண்டும். கச்சேரி அறிக்கை இதற்குப் போதாது. மௌலவி, ஐயர், பாதர், பன்சாலை ஹாமதுரு, கிராம அலுவலர் என்று ஊர் நம்பும் வாய்களால் சொல்லப்பட வேண்டும். ஊரவருக்கும் கேள்வி கேட்க இடம் கொடுக்க வேண்டும். 2019இல் அப்படி ஒரு கூட்டத்தைப் பூந்தோட்டத்தில் வைத்திருந்தால் எதிர்ப்பு முழுக்க இல்லாமல் போயிருக்கும் என்று சொல்ல மாட்டேன், பாதியாவது குறைந்திருக்கும்.

ஆசிரியர்களுக்கு இன்னும் கிட்டிய வேலை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு சொல்வது மூன்றுதான்: பார், கேள், இணைத்துவிடு. கேள் என்றால் காது கொடுப்பது, துருவுவது அல்ல. "உங்கட வாப்பாவை எப்படிக் கொன்டாங்க?" என்று இரக்கத்தோடு கேட்கும் ஆசிரியர்களை நான் கண்டிருக்கிறேன். அந்தப் பிள்ளை அன்றிரவு தூங்காது. சொல்ல விரும்பினால் சொல்லட்டும், விரும்பாவிட்டால் கொப்பியைத் திருத்திக் கொடுங்கள். வழமையான நாள், வழமையான மணி, வழமையான வீட்டுப்பாடம் இவையே பெரிய மருந்து.

தமிழ்நாட்டு முகாம்களில் பிறந்து வளர்ந்து திரும்பி வரும் பிள்ளைகள் இன்னும் எங்கள் மாவட்டத்துப் பாடசாலைகளுக்கு வருகிறார்கள். அங்கே 2021இல் அகதி முகாம் என்ற பெயரையே மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். இங்கே வந்தால் வகுப்பில் "இந்தியாக்காரன்" என்று பெயர் விழுகிறது. கடந்த வருடம் என் வகுப்புக்கும் அப்படி ஒரு பெடியன் வந்தான். பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள், அவன் பேசுவதை நிறுத்திவிட்டான். நான் புத்திமதி சொல்லப் போகவில்லை. சுற்றாடல் பாடத்துக்குக் கிணற்று நீர் அளக்கும் வேலையை நான்கு பேர் குழுவுக்குக் கொடுத்து, அவனை அளவு எழுதும் ஆளாக்கினேன். அவன் வாசித்துச் சொல்லாவிட்டால் குழுவுக்குப் புள்ளி இல்லை. மூன்றாம் வாரம் அவர்களுக்குள் சண்டை வந்தது. அவன் அளவு பிழை என்று மற்றவன் கத்த, இவனும் திருப்பிக் கத்தினான். பக்கத்து வகுப்பு ஆசிரியை என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை டீச்சர், தண்ணீர்ப் பிரச்சினைதான் என்று சொல்லி அனுப்பினேன்.